இன்டஸ்ட்ரியல் ஸ்விட்ச்னு சொல்லி தலையில கட்டிட்டாவ, நீங்களும் ஏமாந்துராதீய

பணகுடி, ராதாபுரம் பக்கம் காத்தாடி (கரண்ட் எடுக்குற காற்றாலை) மெயின்டனன்ஸ் பாக்குறவங்க இத வாசிச்சிருங்க. எங்க சைட்ல ஒவ்வொரு டவர் அடியிலயும் பேனலுக்குள்ள ஒரு நெட்வொர்க் ஸ்விட்ச் (டவர் தகவல கண்ட்ரோல் ரூமுக்கு கடத்துற பெட்டி) உண்டு, எல்லாத்தையும் ஃபைபர்ல ரிங்கா சுத்தி கண்ட்ரோல் ரூமுக்கு கொண்டுவந்திருக்கு. பழசெல்லாம் மாத்தணும்னு ஜங்ஷன்ல ஒரு டீலர்ட்ட எழுத்துலயே கேட்டோம், மைனஸ் 40ல இருந்து 75 டிகிரி வரை தாங்கணும் (மைனஸ் நம்மூருக்கு எதுக்குன்னு கேக்காதீய, அந்த 75தான் நமக்கு), ஃபேன் கூடாது, 24 வோல்ட் டிசி ரெண்டு இன்புட், ரிங் சப்போர்ட் (ஒரு பக்கம் ஃபைபர் அறுந்தாலும் மறுபக்கமா ஓடணும்) வேணும்னு. "எல்லாம் இருக்கு அண்ணாச்சி, கண்ண மூடிட்டு மாட்டுங்க"ன்னாரு.

அவரு ஆளே வந்து மாட்டிட்டு போனான், ஓடுச்சு. சித்திரை வெயில் ஏறவும் மத்தியானம் ஆனா லிங்க் போயிரும், பொழுது சாஞ்சா தானா வந்துரும். டவர் எதுவும் ட்ரிப் ஆனா கண்ட்ரோல் ரூம்ல தெரியாது, பைக்க எடுத்துட்டு போயி பாக்கணும். ஒண்ண கழத்தி பாத்தா சூட்டுல ஸ்டிக்கர் உரிஞ்சு தொங்குது, அடியில இன்னொரு ஸ்டிக்கர், 0 முதல் 40 டிகிரின்னு! ரெண்டாவது பவர் கனெக்டர் சும்மா வெளிய திருகி வச்சது, உள்ள போர்டுக்கு லைனே இல்ல. எஸ்எஃப்பி மாட்யூலும் (ஸ்விட்ச்ல ஃபைபர் சொருகுற சின்ன பீஸ்) 70 டிகிரி வரைக்கும் உள்ள சாதா ரகம், இன்டஸ்ட்ரியல்னா அது 85 தாங்கணும்.

இதவிட பெரிய களவாணித்தனம் ரிங்குலதான். ஒரு எடத்துல ஃபைபர் ஒரு முனைய சொருகாமலே விட்டுட்டு போயிருக்கான். நாம சொருகுன உடனே பாக்கெட் சுத்து சுத்துன்னு சுத்தி மொத்த நெட்வொர்க்கும் படுத்துருச்சு, ஏன்னா அது மேனேஜ்டு ஸ்விட்சே (செட்டிங் போட்டு நாம கட்டுப்படுத்துற ரகம்) இல்ல, பாக்கெட்ட சுத்த விடாம ஒரு பக்கத்த அடைச்சு வைக்குற ரிங் ப்ரோட்டோகால் எங்கருந்து வரும்.

கேட்டா வெயில்ல வச்சா அப்படித்தான்னு சொல்லுதாரு. பேனல ஏசி ரூம்லயா வைக்க முடியும்?! வக்கீல்ட்ட கேட்டதுக்கு, தொழிலுக்கு வாங்குன சரக்கு நுகர்வோர் கோர்ட்ல நிக்காது, சிவில்ல போடணும்ங்கிறாரு, பில்லுல வேற மாடல் நம்பர் இல்லாம வெறும் ஸ்விட்ச்னு போட்டிருக்கான்.

அதனால மாடல், சீரியல் நம்பர், டெம்பரேச்சர் எல்லாம் பில்லுல வரணும், அந்த சீரியல கம்பெனிக்கே மெயில் போட்டு கேட்டுட்டு பணத்த குடுங்க, எஸ்எஃப்பிக்கும் பவர் சப்ளைக்கும் தனியா டேட்டாஷீட் வாங்குங்க. மாட்டுன அன்னைக்கே ரிங்க முழுசா மூடி, ஒரு ஃபைபர புடுங்கி பாருங்க, ஓடுதான்னு. எங்க பாக்கி பணத்த நிறுத்தி வச்சிருக்கோம், அதுக்கு மட்டும் விடாம போன் அடிக்காவ.