நீளம் ஒன்று, எடை இரண்டு: வெஸ்ட்செயில் 32, கான்டெஸா 32

ஃபைபரில் வார்த்த பழைய பாய்மரப் படகு ஒன்றை வாங்கித் தூரக் கடலுக்குப் போக நினைப்பவர்கள் முதலில் பார்ப்பது நீளத்தைத்தான். நீளம் ஒரு படகைப் பற்றி எவ்வளவு குறைவாகச் சொல்கிறது என்று காட்ட இந்த இரண்டு படகுகளே போதும். ஒன்று அமெரிக்காவில் கலிஃபோர்னியாவில் கட்டிய வெஸ்ட்செயில் 32, மற்றது இங்கிலாந்தின் லிமிங்டனில் கட்டிய கான்டெஸா 32. இரண்டும் 1970-களின் தொடக்கத்தில் சந்தைக்கு வந்தவை, இரண்டும் 32 அடி, இரண்டுமே நூற்றுக்கணக்கில் விற்றவை. ஆனால் வெஸ்ட்செயிலின் எடை சுமார் 8.8 டன், கான்டெஸாவின் எடை 4.3 டன். பாதிகூட இல்லை!

இந்த வித்தியாசம் வம்சத்திலிருந்தே வருகிறது. நார்வேயில் புயலில் சிக்கிய மீனவர்களைக் காப்பாற்றப் போவதற்காக 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் காலின் ஆர்ச்சர் வடிவமைத்த படகுகள்தான் வெஸ்ட்செயிலின் மூதாதை. அதை 1920-களில் வில்லியம் அட்கின் 32 அடிக்குச் சுருக்கி 'எரிக்' என்ற வடிவத்தைத் தந்தார். வில்லியம் கிரீலாக் அதை ஃபைபருக்கு ஏற்றபடி மாற்றினார். நமக்குப் பக்கத்து உறவு ஒன்றும் இதில் உண்டு. 1968-69-ல் எங்கும் நிற்காமல் தனியாக உலகைச் சுற்றிய ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டனின் 'சுஹைலி', அதே எரிக் வடிவத்தில் பம்பாயில் தேக்கில் கட்டிய படகுதான். கான்டெஸாவின் கதை வேறு. வார இறுதியில் பந்தயம் ஓடவும் விடுமுறையில் குடும்பத்தோடு போகவும் ஒரே படகு வேண்டும் என்று டேவிட் சாட்லர் வரைய, ஜெரமி ரோஜர்ஸ் கட்டினார்.

தண்ணீருக்குக் கீழே பாருங்கள். வெஸ்ட்செயிலில் கீல், அதாவது படகின் அடியில் தண்ணீருக்குள் இறங்கும் பாரமான பகுதி, முன்னிருந்து பின்வரை ஒரே நீளமாக ஓடுகிறது, அதன் கடைசியில் சுக்கான் தொங்குகிறது. கான்டெஸாவில் கீல் நடுவில் மட்டும் மீனின் துடுப்பு போல இறங்குகிறது. சுக்கான் தள்ளிப் பின்னால், ஒரு தாங்கு பலகையை ஒட்டி நிற்கிறது. இதனால் கான்டெஸா சட்டென்று திரும்பும், எதிர்காற்றில் நன்றாக ஏறும், அதாவது காற்று வரும் திசையை நோக்கிச் சாய்வாக முன்னேறும். வெஸ்ட்செயில் பிடித்த திசையை விடாது, ஆனால் திருப்பப் பொறுமை வேண்டும். நெருக்கமான துறைமுகத்தில் அதைப் பின்னுக்கு ஓட்டுவது பெரிய பாடு.

வேகத்தில் ஒரு வினோதம் உண்டு. தண்ணீர் மட்டத்தில் படகின் நீளம், அதாவது நீர்க்கோட்டு நீளம், கூடக்கூட அதன் உச்ச வேகமும் கூடும். அது வெஸ்ட்செயிலுக்கு 27.5 அடி, கான்டெஸாவுக்கு 24 அடி. அந்தக் கணக்குப்படி மணிக்குச் சுமார் 7 கடல் மைல் வரை போகக்கூடியது வெஸ்ட்செயில். கான்டெஸாவுக்கு 6.5 தான். ஆனால் மென்காற்றில் அந்த எடையையும், தண்ணீரில் உரசும் அவ்வளவு பெரிய பரப்பையும் இழுக்க வேண்டுமே. அப்போது கான்டெஸா முந்திப் போய்விடும். காற்று பலமாகப் பின்னாலிருந்து வீசினால் கதை மாறும். 1988-ல் சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து ஹவாய்க்கு நடந்த பசிஃபிக் கப் பந்தயத்தில், மெதுவான படகுகளுக்குச் சலுகை நேரம் கொடுத்துப் போடும் கணக்கில் ஒட்டுமொத்த முதலிடம் பிடித்தது ஒரு வெஸ்ட்செயில் 32.

சரி, புயலில்? இங்கிலாந்திலிருந்து கிளம்பி அயர்லாந்துக்கு அருகிலுள்ள ஃபாஸ்ட்நெட் பாறையைச் சுற்றித் திரும்பும் 1979 ஃபாஸ்ட்நெட் பந்தயத்தில் 303 படகுகள் கிளம்பின. நடுவில் வந்த புயலில் 15 பந்தய மாலுமிகள் இறந்தார்கள். மிகச் சிறிய படகுகளின் வகுப்பில் பந்தயத்தை முடித்தது 'அசென்ட்' என்ற கான்டெஸா 32 மட்டும். கான்டெஸாவின் எடையில் கிட்டத்தட்ட பாதி, அதாவது சுமார் 2 டன், கீலுக்குள் அடியில் இருக்கிறது. படகும் ஒடுக்கம், அகலம் 9.5 அடிதான். ஆகவே 150 டிகிரி சாய்ந்தாலும் திரும்ப நிமிர்ந்துவிடும். வெஸ்ட்செயிலுக்கும் சாட்சி இருக்கிறது. 1991 அக்டோபர் இறுதியில் அமெரிக்கக் கிழக்குக் கரைக்கு அப்பால் வந்த பெரும்புயலில், 'சடோரி' என்ற வெஸ்ட்செயில் 32-இலிருந்து மூன்று பேரையும் கடலோரக் காவல்படை மீட்டது. ஆளில்லாத படகு தானே மிதந்து மேரிலாந்துக் கரையில் ஒதுங்கியது. பிறகு அதைக் கடலில் இறக்கி மறுபடி ஓட்டினார்கள். தாக்குப்பிடிப்பதில் இரண்டையும் நான் குறை சொல்லமாட்டேன்.

உண்மையான பிரிவு சுமையில்தான் இருக்கிறது. இருவர் சில மாதங்களுக்குப் போக உணவு, தண்ணீர், டீசல், நங்கூரச் சங்கிலி, கருவிகள் எல்லாம் சேர்த்து ஒரு டன்னை எளிதில் தொடும். அந்த ஒரு டன் வெஸ்ட்செயிலுக்கு ஒன்பதில் ஒரு பங்குதான். 11 அடி அகலமான உடலுக்குள் அதை வைக்க இடமும் தாராளம். கான்டெஸாவுக்கோ அது எடையில் கால்வாசிக்கு அருகில். படகு அமிழும், சுறுசுறுப்பு போகும், எதற்காக அதை வாங்கினோமோ அந்தக் குணமே மங்கும். உள்ளேயும் இடம் குறைவு, உயரமானவர் குனிந்தே நடக்கவேண்டும். காற்றில் சீக்கிரம் சாயும், மேல்தளத்தில் அலை ஏறும்.

ஆகவே படகிலேயே குடியிருந்து, பின்காற்றில் பெருங்கடல்களைக் கடக்கப் போகிறவர்களுக்கு வெஸ்ட்செயில்தான் சரி. ஆனால் எனக்கு ஒன்றைத்தான் தரமுடியும் என்றால் கான்டெஸாவையே கேட்பேன். கரையை நோக்கிக் காற்று தள்ளும்போது, எஞ்சினும் நின்றுவிட்டால், பாயை மட்டும் நம்பி எதிர்காற்றில் ஏறி வெளியே வரக்கூடிய படகைவிடப் பெரிய பாதுகாப்பு எனக்குத் தெரியவில்லை. சாமானைக் குறைத்துக்கொண்டு போகலாம், அது நம் கையில் இருக்கிறது.

வாங்குவோர் கவனிக்க இன்னொன்று. வெஸ்ட்செயில்களில் நிறைய, உள்வேலை முடியாத வெறும் ஓடாக விற்கப்பட்டவை. வாங்கியவரே வீட்டு முற்றத்தில் மரவேலை, வயரிங், குழாய் எல்லாம் செய்திருப்பார். சிலர் கப்பல் தச்சரையே மிஞ்சினார்கள், சிலர் பாதியில் விட்டார்கள். அதனால் அதை மாடலின் பெயரை நம்பி வாங்கக்கூடாது, முன்னால் நிற்கும் அந்த ஒரு படகை மூலைமுடுக்கெல்லாம் திறந்து பார்த்தே விலை பேசவேண்டும்.