டிபி பெட்டியில் பொம்மையாக நின்ற ஆர்சிசிபி

மின்சாரம் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபி என்ற சுவிட்ச் வீட்டில் அடிக்கடி விழுகிறது, அதாவது ட்ரிப் ஆகிறது என்று எலக்ட்ரீஷியனை அழைத்தீர்கள். அவர் வந்து ஏதோ செய்தார், "இனி விழாது" என்றார், அதன்பிறகு உண்மையிலேயே விழவில்லை. அப்படியென்றால் இன்றே வீட்டு மின்சாரம் பிரிந்து போகும் டிபி பெட்டியைத் திறந்து, ஆர்சிசிபியின் முகத்தில் 'டி' (T) என்று பொறித்திருக்கும் சின்னப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். நெம்புகோல் 'டக்' என்று விழுந்து வீடு இருண்டால் நல்லது. எதுவுமே நடக்கவில்லை என்றால் மேற்கொண்டு படியுங்கள். எங்கள் வீட்டில் எதுவுமே நடக்கவில்லை.

மதுரையில் மாடியில் நாங்கள் குடியிருக்கிறோம். கீழே ஜெராக்ஸ் கடை, வாடகைக்கு விட்டிருக்கிறோம். கடைக்குத் தனி மீட்டர், தனிப் பெட்டி. ஐப்பசி மழை தொடங்கியதிலிருந்து மாடியில் ஆர்சிசிபி விழ ஆரம்பித்தது. காலையில் கீசர் போட்டால் விழும், சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரத்தில் விழும். கடைக்காரத் தம்பியும் தன் பெட்டியிலிருந்து கருகிய வாடை வருவதாகச் சொன்னார். செல்போன் செயலியில் பதிவு செய்தால் ஆள் அனுப்பும் நிறுவனம் ஒன்றில் இரண்டு பெட்டிகளையும் சரிசெய்யச் சொன்னோம்.

வந்தவர் சீருடை அணிந்திருந்தார், பேச்சும் மரியாதையாக இருந்தது. கையில் ஒரு டெஸ்டர், ஒரு கட்டிங் பிளேயர், அவ்வளவுதான். பெட்டியின் மூடியைக் கழற்றிய வேகத்திலேயே "ஆர்சிசிபி போய்விட்டது சார்" என்றார். புதியதை மாட்டினார், பழையதைத் தன் பையில் போட்டுக்கொண்டார். அன்று சாயங்காலமே புதியதும் விழுந்தது. மறுபடி வந்தார், மறுபடி எதையோ மாற்றினார். கடைசியாக வந்தபோது ஒரு மணி நேரம் பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தார். "ஒரு வருட வாரண்டி சார், இனி ட்ரிப் என்ற பேச்சே இருக்காது" என்று 14,800 ரூபாய் வாங்கிக்கொண்டு போனார். ரசீதில் 'பேனல் சர்வீஸ்' என்ற இரண்டு சொற்களும் தொகையும் மட்டும் இருந்தன. எந்தப் பாகம், என்ன விலை, செய்தவரின் உரிம எண் என்ன, எதுவும் இல்லை.

பேச்சு உண்மைதான், அதன்பிறகு விழவே இல்லை. ஆனால் குளியலறைக் குழாயைத் தொட்டால் சுர்ரென்கிறது என்று அம்மா சொல்லத் தொடங்கினார். அந்த எலக்ட்ரீஷியனிடம் கேட்டோம். "அம்மா ஈரக்கையோடு தொட்டிருப்பார்கள் சார்" என்றார் போனில். குளிக்கிற இடத்தில் ஈரமில்லாத கைக்கு எங்கே போவது?

இந்த இடத்தில்தான் வேறொருவரைத் தேடினோம். மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் தகுதிச் சான்றிதழ் வைத்திருக்கும் மேற்பார்வையாளர், வயதானவர். அவர் மெகர் என்னும் காப்புச் சோதனைக் கருவியும் கசிவை அளக்கும் கிளாம்ப் மீட்டரும் கொண்டுவந்தார். முதல் வேலையாக 'டி' பொத்தானை அழுத்தினார். அசைவில்லை. பெட்டியை முழுதாகக் கழற்றியபோது காரணம் தெரிந்தது. ஆர்சிசிபிக்குள் வரவேண்டிய கம்பிகளையும் அதிலிருந்து போகவேண்டிய கம்பிகளையும் பின்பக்கமாக ஒன்றோடொன்று முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தது. ஆர்சிசிபியில் ஒரு கம்பிகூட இல்லை. நெம்புகோலை மேலே தூக்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறார், பார்க்கிறவர்களுக்காக.

இதை ஏமாற்று என்று மட்டும் சொல்லி நிறுத்த மனம் வரவில்லை. அதே பெட்டியில் இருக்கும் எம்சிபி என்ற சுவிட்ச் காப்பது கம்பியை. அளவுக்கு மேல் மின்சாரம் ஓடினாலோ ஷார்ட் ஆனாலோதான் அது விழும். ஆர்சிசிபி காப்பது மனிதரை. ஃபேஸ் வழியே போன மின்சாரம் நியூட்ரல் வழியே முழுதாகத் திரும்புகிறதா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். வீடுகளில் வைக்கும் கருவியில் அந்த வித்தியாசம் 30 மில்லி ஆம்பியரை எட்டுவதற்குள் துண்டித்துவிடும். ஒரு ஆளின் உடம்பு வழியாக நிலத்துக்கு மின்சாரம் இறங்கினால் எம்சிபிக்கு அது தெரியவே தெரியாது, அது சுமக்கிற அளவோடு ஒப்பிட்டால் அந்தக் கசிவு தூசு. அப்படிப்பட்ட காவலைக் கழற்றிவிட்டு வாரண்டியும் கொடுத்திருக்கிறார்.

ஆர்சிசிபி விழுந்ததற்கு இரண்டு காரணங்கள் இருந்தன. பெரியவர் எல்லா எம்சிபிகளையும் இறக்கி, ஒவ்வொரு சர்க்கியூட்டாகப் பிரித்துச் சோதித்தார். கீசரின் ஹீட்டிங் காயிலுக்கும் அதன் உடலுக்கும் இடையே ஒரு மெகா ஓமுக்கு மேல் தடை இருக்க வேண்டும், மெகரில் முள் ஏறக்குறைய பூஜ்யத்தில் நின்றது. காயில் ஓட்டையாகித் தண்ணீரோடு கலந்துவிட்டது. கசியும் மின்சாரம் எர்த் கம்பி வழியே இறங்கியதால்தான் ஆர்சிசிபி தன் வேலையைச் செய்து விழுந்துகொண்டிருந்தது. முதலில் வந்தவர் அந்த எர்த் கம்பியையே பெட்டியில் இருக்கும் எர்த் பட்டையிலிருந்து கழற்றி மடக்கி வைத்திருந்தார். அம்மாவின் கைக்கு சுர்ரென்றது அதனால்தான்.

இரண்டாவது காரணம் மாடிப்படி விளக்கு. அண்மையில்தான் யாரோ அதற்கு ஃபேஸை எங்கள் பெட்டியிலிருந்தும், நியூட்ரலை அருகில் இருந்த கடையின் பெட்டியிலிருந்தும் எடுத்திருக்கிறார்கள். எங்களிடமிருந்து போகும் மின்சாரம் கடை வழியே திரும்பினால் ஆர்சிசிபியின் கணக்கில் அது கசிவுதான். ஒன்பது வாட் விளக்குக்கே 230 வோல்ட்டில் ஏறக்குறைய 40 மில்லி ஆம்பியர் ஓடும். விளக்கு வைக்கும் நேரத்தில் விழுந்த மர்மம் இவ்வளவுதான். எர்த்தைக் கழற்றியும் சாயங்காலம் விழுவது நிற்காததால்தான் அந்த மனிதர் கடைசியில் ஆர்சிசிபியையே கழற்றியிருக்கிறார்.

இதோடு முடியவில்லை. கீசருக்குப் போகும் 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பியில் இருந்த 20 ஆம்பியர் எம்சிபியை எடுத்துவிட்டு 32 ஆம்பியர் மாட்டியிருந்தார். எம்சிபி எழுதியிருக்கும் அளவைத் தாண்டிய நொடியில் விழாது. தரநிலைப்படி, 1.13 மடங்கு வரை ஒரு மணி நேரத்துக்கு விழவே கூடாது, 1.45 மடங்கில் ஒரு மணி நேரத்துக்குள் விழ வேண்டும். ஆக 32 ஆம்பியர் எம்சிபி 36 ஆம்பியரைச் சும்மா விட்டுக்கொண்டிருக்கும், அதற்குள் சுவருக்குள் இருக்கும் கம்பியின் உறை வெந்துபோகும். எம்சிபி அடிக்கடி விழுகிறது என்பதற்காகப் பெரிய எம்சிபி போடுகிறவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

மாட்டிய பாகங்களில் ஐஎஸ்ஐ முத்திரை இருந்தது, அதன் அருகே இருக்க வேண்டிய சிஎம்/எல் உரிம எண் இல்லை. அந்த எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பிஐஎஸ் கேர் செயலியில் போட்டால் உரிமம் யாருடையது, இன்னும் செல்லுபடியாகிறதா என்று தெரிந்துவிடும். கழற்றிக்கொண்டு போன எங்கள் பழைய ஆர்சிசிபியில் எந்தக் குறையும் இருந்திருக்காது என்பது பெரியவரின் கணிப்பு. அது இப்போது யார் வீட்டில் 'புதிதாக' இருக்கிறதோ! மாற்றிய பாகங்கள் நமக்குச் சொந்தம், கையோடு கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கடையின் கதை இன்னும் மோசம். அங்கே மூன்று ஃபேஸ் இணைப்பு. கருகிய திருகுகளை முடுக்கியவர் நியூட்ரல் திருகை அரைகுறையாக விட்டிருந்தார். மூன்று ஃபேஸில் நியூட்ரல் விட்டுப்போனால் 230 வோல்ட் வரவேண்டிய இடத்தில் சுமையைப் பொறுத்து 400 வோல்ட் வரைகூட ஏறும். ஒரு மதியம் கடையில் பாதி விளக்குகள் மங்கின, மீதி கண்ணைக் கூசவைத்தன. தம்பி ஓடிப்போய் மெயினை இறக்குவதற்குள் ஒரு ஜெராக்ஸ் மெஷினின் பவர் போர்டு எரிந்துவிட்டது. அந்தச் செலவு இன்னும் அவர் தலையில்தான் இருக்கிறது.

பெரியவர் கீசர் காயிலை மாற்றி, விளக்கின் நியூட்ரலை எங்கள் பெட்டிக்குக் கொண்டுவந்து, எர்த்தைச் சேர்த்து, உரிம எண் உள்ள பாகங்களைப் பொருத்தி, ஒவ்வொன்றுக்கும் விலை எழுதிய ரசீது கொடுத்தார். முதலில் அழுத தொகையில் பாதிகூட ஆகவில்லை.

முதலாமவரை அழைத்துக் கேட்டேன். கொஞ்சமும் தயங்காமல் சொன்னார்: "ட்ரிப் ஆகக் கூடாது என்றுதானே சார் கேட்டீர்கள்? ஆகவில்லையே!"

நிறுவனத்தின் செயலியில் கொடுத்த புகார், யாரும் வந்து பார்க்காமலேயே 'தீர்க்கப்பட்டது' என்று மாறியது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்துவிட்டு, மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்கு மனு தயார் செய்திருக்கிறோம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் அங்கே கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுகளுக்குள் மனு போட வேண்டும். டேப் சுற்றிய கம்பிகளைப் பிரிப்பதற்கு முன்பே படம் எடுக்கச் சொன்னவர் பெரியவர்தான். என்ன கண்டார் என்பதையும் கையெழுத்திட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். உங்களுக்கும் இப்படி நேர்ந்திருந்தால் எதையும் சரிசெய்வதற்கு முன் படம் எடுத்து வையுங்கள்.

1915-இல் பதிவு செய்த பிறகு நிறுவனத்திடமிருந்து பதில் வந்தது. வருத்தம் தெரிவித்து, அடுத்த பேனல் சர்வீசுக்கு 300 ரூபாய் தள்ளுபடிக் கூப்பன் அனுப்பியிருக்கிறார்கள். மனுவோடு அதையும் இணைத்திருக்கிறோம்.