சம்பளச் சான்றிதழில் வட்ட சீல்: சேலத்தில் வீட்டுக்கடன் கேட்ட அனுபவம்

வெளிநாட்டில் வேலை பார்க்கும் ஒருவர் சேலத்தில் வீட்டுக்கடன் கேட்டுப் போனால் வங்கி கேட்கும் ஆவணங்களில் பெரும்பாலானவை நியாயமானவை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூலப் பத்திரம், முப்பது ஆண்டு வில்லங்கச் சான்று, பட்டா, அங்கீகாரம் பெற்ற கட்டட வரைபடம், வீட்டு வரி ரசீது ஆகிய எதைப் பற்றியும் எனக்கு மனக்குறை இல்லை. அவை ஒவ்வொன்றும் ஏன் தேவை என்று வக்கீல் பொறுமையாக விளக்கினார், அவை கிடைப்பதிலும் சிரமம் இருக்கவில்லை. என் விடுமுறையை விழுங்கிய விஷயம் வேறு. இங்கிலாந்தில் நான் வேலை பார்க்கும் மருத்துவமனை கொடுத்த சம்பளச் சான்றிதழில் வட்ட சீல் இல்லை என்பதே அது.

நான் லீட்ஸ் நகரில் செவிலியராக இருக்கிறேன். அப்பா போன பிறகு அம்மா அம்மாபேட்டையில் வாடகை வீட்டில் தனியாக இருக்கிறார். அவருக்காகக் கன்னங்குறிச்சிப் பக்கம் ஒரு வீடு பார்த்திருந்தோம். ஏற்காட்டில் காப்பிச் செடிகளோடு ஒரு சிறு தோட்ட வீடு வேண்டும் என்பது அம்மாவின் பழைய ஆசை. ஆனால் அந்நியச் செலாவணிச் சட்ட விதிகளின்படி என்னைப் போல வெளிநாட்டில் வசிப்பவர்கள் விவசாய நிலத்தையோ தோட்ட நிலத்தையோ பண்ணை வீட்டையோ விலைக்கு வாங்க முடியாது, பரம்பரைச் சொத்தாக வந்தால்தான் உண்டு. அதனால் மலை ஏற முடியாவிட்டாலும் மலை தெரியும் இடத்திலாவது வீடு அமையட்டும் என்று அம்மா மனத்தைத் தேற்றிக்கொண்டார். வீட்டுக்காரருக்கு முன்பணம் கொடுத்து, கெடு வைத்து அக்ரிமென்டும் போட்டாயிற்று. அதன் பிறகுதான் சீல் பிரச்சினை தலைதூக்கியது.

வங்கிக் கிளையில் என் கோப்பைப் பார்த்த அலுவலர் இளைஞர், மரியாதையானவர். மருத்துவமனையின் சான்றிதழை எடுத்து மேலிருந்து கீழ்வரை படித்தார். வலது மூலையில் தேசிய சுகாதாரச் சேவையின் நீல நிறச் சின்னம், அதன் கீழே மருத்துவமனையின் முகவரி, என் பதவி, பணியில் சேர்ந்த நாள், ஆண்டுச் சம்பளம், பணி நிரந்தரமானது என்ற குறிப்பு, மனிதவளப் பிரிவு அதிகாரியின் கையெழுத்து, சந்தேகம் இருந்தால் சரிபார்த்துக்கொள்ளத் தொலைபேசி எண்ணும் மின்னஞ்சல் முகவரியும் என்று எல்லாம் அதில் இருந்தன. அவர் விரல் கையெழுத்துக்குப் பக்கத்தில் இருந்த வெற்றிடத்தில் போய் நின்றது.

"மேடம், இதுல சீல் இல்லைங்களே."

சம்பளச் சீட்டுகளிலும் இல்லை என்றார். ஒவ்வொரு மாதச் சீட்டிலும் நிறுவனத்தின் வட்ட சீல் வைத்து, அதிகாரி கையெழுத்திட்டுத் தரவேண்டும் என்றார். எங்கள் சம்பளச் சீட்டுகள் காகிதத்தில் வருவதே இல்லை. பணியாளர் மின்பதிவேட்டுக்குள் நுழைந்து நாங்களே பதிவிறக்கிக்கொள்கிறோம் என்று விளக்கினேன். புரிந்துகொண்டார். புரிந்துகொண்ட பிறகும், "ஆடிட்ல கேப்பாங்க மேடம்" என்றார்.

அன்றிரவே மனிதவளப் பிரிவுக்கு எழுதினேன். அவர்கள் அனுப்பிய பதில் தெளிவாக இருந்தது. மருத்துவமனை நிர்வாகத்துக்குப் பொது முத்திரை என்று ஒன்று உண்டுதான். ஆனால் அது நிலம், கட்டடம் தொடர்பான பத்திரங்களுக்கு மட்டும் உரியது, வைக்கும் ஒவ்வொரு முறையும் பதிவேட்டில் குறிக்கப்படுவது, ஒரு செவிலியரின் சம்பளச் சீட்டில் அதை வைக்கும் வழக்கமும் இல்லை, வைக்க அதிகாரமும் இல்லை. அங்கே தனியார் நிறுவனங்களுக்கும் முத்திரை கட்டாயமில்லை. 1989ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்திலிருந்தே நிறுவனம் முத்திரை வைத்திருக்கலாம், வைத்திருக்காமலும் இருக்கலாம். இதை அச்செடுத்து வங்கியில் கொடுத்தேன். அதையும் கோப்பில் சேர்த்துக்கொண்டு, "அப்போ வேற ஏதாவது சீல் இருக்குங்களா, டிபார்ட்மென்ட் சீல் மாதிரி?" என்று கேட்டார்.

இந்தக் கேள்வி எங்கிருந்து வருகிறது என்பது எனக்குத் தெரியாததல்ல. அப்பா உருக்காலையில் வேலை பார்த்தார். அவருடைய சம்பளச் சீட்டு ஊதா மையில் வட்ட சீலோடு வரும். அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அரை நாள் விடுப்பு எடுத்து வங்கிக்குப் போவார். அந்தக் காலத்துக் கிளை மேலாளர் அப்பாவைப் பெயர் சொல்லி அழைப்பார், வீடு கட்டும் மனையை ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து பார்த்தார், எங்கள் வீட்டில் காப்பி குடித்துவிட்டுப் போனார். அன்று சீல் ஒரு சான்று. அதற்குப் பின்னால் ஊரறிந்த தொழிற்சாலையும், ஆளை அறிந்த மேலாளரும் இருந்தார்கள். நகல்களில் பச்சை மையில் சான்றொப்பம் வாங்கப் பள்ளித் தலைமையாசிரியர் வீட்டுத் திண்ணையில் காத்திருந்ததும் அதே காலம்தான். அந்த வழக்கத்தைக்கூட அரசு விட்டுவிட்டது. பெரும்பாலான காரியங்களுக்குச் சுயசான்றொப்பம் போதும் என்று 2014இல் மத்திய அரசு தன் துறைகளையும் மாநிலங்களையும் கேட்டுக்கொண்டது. மேலாளர் வீட்டுக்கு வரும் பழக்கம் போய்விட்டது, சீல் மட்டும் நிற்கிறது என்பதைத்தான் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

என்னை உண்மையில் கலங்க வைத்தது அதற்கு அடுத்து நடந்ததுதான். கடன் கோப்புகளை வங்கிக்குக் கொண்டுவரும் முகவர் ஒருவர் வெளியே வராந்தாவில் என்னை நிறுத்திப் பேசினார். "அக்கா, இதுக்கு எதுக்குங்க இவ்வளவு அலைச்சல்? உங்க ஆஸ்பத்திரி பேரை எழுதிக் குடுங்க, பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் அரை மணி நேரத்துல ரப்பர் ஸ்டாம்பு பண்ணிக் குடுத்துருவாங்க. எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க." அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, எனக்கு உதவுவதாகவே நினைத்தார். எல்லாரும் செய்கிறார்களா என்பதும் எனக்குத் தெரியாது. ஆனால் அவர் சொன்ன வழி நிச்சயம் பலித்திருக்கும். மருத்துவமனையே கையெழுத்திட்டுக் கொடுத்த, தொலைபேசியில் சரிபார்க்கக்கூடிய கடிதம் செல்லாது; சேலத்துக் கடையில் நான் செய்து வாங்கும் போலி முத்திரை செல்லும். கள்ள ஆவணத்தைத் தடுப்பதற்காக ஏற்பட்ட ஒரு விதி, நேர்மையாக இருப்பவரைக் கள்ள ஆவணம் செய்யச் சொல்லித் தூண்டுகிறது. செவிலியராகப் பதிவு பெற்றிருக்கும் நான் பொய் முத்திரை வைத்தேன் என்று தெரிந்தால் என் பதிவே பறிபோகும். அதை விடவும், அம்மா குடியிருக்கப்போகும் வீட்டைப் பொய்யில் தொடங்க எனக்கு மனமில்லை.

இதற்கு நடுவே சிறிய கேள்விகளும் வந்துகொண்டே இருந்தன. பிரிட்டனில் வரி ஆண்டு ஏப்ரல் 6 முதல் அடுத்த ஏப்ரல் 5 வரை. ஆண்டு முடிந்ததும், அந்த ஆண்டின் சம்பளத்தையும் பிடித்த வரியையும் காட்டும் பி60 என்ற படிவத்தை வேலை கொடுப்பவர் தருவார். நம் ஊர்ப் படிவம் 16 போன்றது. அதில் ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை என்று இல்லாததால், "பீரியட் டேலி ஆகல" என்று திருப்பிவிட்டார்கள். ஐந்து நாள் வித்தியாசத்துக்காக ஒரு நாட்டின் வரிச் சட்டத்தை நான் எப்படித் திருத்த முடியும்? பெயர் விஷயத்தை மட்டும் நான் மறுக்கவில்லை. என் பழைய ஆவணங்களில் அப்பாவின் பெயர் தலைப்பெழுத்தாகவும், பாஸ்போர்ட்டில் கணவரின் பெயர் பின்னொட்டாகவும் இருப்பதால், இருவரும் ஒருவரே என்று முத்திரைத்தாளில் உறுதிமொழி எழுதி நோட்டரியிடம் கையெழுத்து வாங்கச் சொன்னார்கள். அது சரியான கேள்வி. அன்றே கொடுத்துவிட்டேன்.

வில்லங்கச் சான்று விஷயத்திலும் இப்படித்தான். எதற்காக முப்பது ஆண்டு என்று வக்கீலிடம் கேட்டபோது, அடமானம் வைத்தவர் அதை மீட்க வழக்குப் போட 1963ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டம் முப்பது ஆண்டு தருகிறது என்றும், அந்த நீளத்துக்குப் பின்னோக்கிப் பார்த்தால்தான் பழைய அடமானம் ஒளிந்திருக்கிறதா என்று தெரியும் என்றும் சொன்னார். இங்கிலாந்தில் நாங்கள் வீடு வாங்கியபோது மூலப் பத்திரம் என்ற பேச்சே எழவில்லை. அங்கே 1862இல் தொடங்கிய நிலப் பதிவகம் உரிமையையே பதிவு செய்து, அதற்கு அரசின் உத்தரவாதமும் தருகிறது. இங்கே 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் பத்திரத்தைத்தான் பதிகிறதே தவிர, உரிமைக்கு உறுதி சொல்வதில்லை. ஆகவே இங்கே கூடுதல் காகிதம் கேட்பதில் காரணம் இருக்கிறது, காரணத்தைச் சொல்லவும் ஆள் இருக்கிறார். வட்ட சீலுக்குக் காரணம் கேட்டால் மட்டும் எல்லாரும் அடுத்த மேசையைக் காட்டினார்கள்.

எனவே எழுத்தில் கேட்பது என்று முடிவு செய்தேன். வெளிநாட்டில் வசிக்கும் இந்தியரின் அடையாள, முகவரி ஆவண நகல்களுக்கு யார் சான்றளிக்கலாம் என்பதை ரிசர்வ் வங்கியின் வழிகாட்டுதல் பட்டியலிடுகிறது: இந்திய வங்கிகளின் வெளிநாட்டுக் கிளை அதிகாரிகள், இந்திய வங்கிகளோடு தொடர்புள்ள வெளிநாட்டு வங்கிக் கிளைகள், வெளிநாட்டு நோட்டரி, நீதிமன்ற நடுவர், நீதிபதி, இந்தியத் தூதரகம். வேலை கொடுப்பவரின் வட்ட சீல் அதில் எங்கும் இல்லை. வருமானத்தை எப்படிச் சரிபார்ப்பது என்பது அந்தந்த வங்கியின் கொள்கைக்கு விடப்பட்ட விஷயம். அப்படியானால் உங்கள் கொள்கையில் சீல் கட்டாயம் என்று எந்தப் பக்கத்தில் இருக்கிறது, அந்தப் பக்கத்தின் நகலைத் தாருங்கள் என்று ஒரு மனு எழுதி, கடன் கோப்புகள் முடிவாகும் மேலலுவலகத்தில் நேரில் கொடுத்தேன்.

அங்கிருந்த மூத்த அதிகாரி என் மனுவை என் முன்பாகவே இரண்டு முறை படித்தார். அப்படி ஒரு பக்கம் இல்லை என்று ஒப்புக்கொண்டார். நான் கொடுத்த மின்னஞ்சல் முகவரியை அவர் பயன்படுத்தவில்லை. மருத்துவமனையின் இணையதளத்தைத் தாமே திறந்து, மனிதவளப் பிரிவின் முகவரியை அங்கிருந்து எடுத்து, என் சான்றிதழை இணைத்து, இது நீங்கள் கொடுத்ததுதானா என்று கேட்டு எழுதச் சொன்னார். அதுதான் உண்மையான சரிபார்ப்பு என்று நான் மனமாரச் சொல்வேன். அடுத்த வேலை நாளில் லீட்ஸிலிருந்து பதில் வந்தது. வெளிநாட்டில் வசிப்பவர்கள் தங்கள் வருமானத்தைப் போட இந்திய வங்கியில் வைத்துக்கொள்ளும் என்ஆர்இ கணக்கு எனக்கும் உண்டு; அதில் மாதந்தோறும் வந்து விழுந்திருக்கும் தொகையையும், பிரிட்டன் வங்கிக் கணக்கில் சம்பளம் வரவான பதிவுகளையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பி60 பற்றிய ஆட்சேபமும் அத்தோடு போயிற்று. கெடுவுக்குள் கடன் சாங்ஷன் ஆனது.

கிளை அலுவலர் மேல் எனக்குக் கோபம் இல்லை. மேலிடத்தில் ஒருவர் துணிந்து எழுதிக் கொடுக்கும் வரை அவரால் கையெழுத்திட முடியாது. நாளை தணிக்கையில் கேள்வி வந்தால் பதில் சொல்லவேண்டியவர் அவர்தான். உரிமை ஆவணங்களை ஒப்படைத்த அன்று, கடன் தீர்ந்தால் மூல ஆவணங்களை 30 நாளுக்குள் திருப்பித் தரவேண்டும், வங்கியின் காரணத்தால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு என்று, 2023 டிசம்பர் முதல் நடப்பில் உள்ள ரிசர்வ் வங்கி விதியை அவரே எனக்கு எடுத்துச் சொன்னார். எழுதப்பட்ட விதியை அவர் நன்றாகவே அறிந்திருக்கிறார். எழுதப்படாத வழக்கத்துக்கு முன்னால்தான் தயங்குகிறார்.

கூடுதல் ஆவணம் தேவைப்பட்டால் கடன் கேட்பவருக்கு உடனே தெரிவிக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2003இலேயே வங்கிகளுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. எனக்கோ ஒவ்வொரு முறை போகும்போதும் ஒன்று புதிதாகச் சொல்லப்பட்டது. விடுமுறை நாட்களை எண்ணிக்கொண்டு விமானம் ஏறி வருபவருக்கு அது எவ்வளவு பெரிய சுமை என்பதைச் சேலத்தில் உட்கார்ந்திருப்பவர் நினைத்துப் பார்க்க வேண்டும். லீட்ஸ் திரும்பும் முன் வங்கியின் தலைமை அலுவலகத்துக்குக் கடிதம் அனுப்பியிருக்கிறேன். வெளிநாட்டில் வேலை செய்பவர்கள் தரவேண்டிய ஆவணங்களின் முழுப் பட்டியலை எழுத்தில் வெளியிட வேண்டும் என்றும், சீல் இல்லாத சம்பளச் சான்றிதழை வேலை கொடுப்பவரிடம் நேரடியாகக் கேட்டு உறுதி செய்துகொள்ளலாம் என்று கிளைகளுக்குச் சுற்றறிக்கை அனுப்ப வேண்டும் என்றும் அதில் கேட்டிருக்கிறேன். பெற்றுக்கொண்டதாக ஒரு வரி வந்திருக்கிறது. பதில் வரும்வரை மாதாமாதம் நினைவூட்டுவேன்.