விடைபெற்றுத் திரும்ப எந்தச் சீட்டு: அட்வான்ஸா, ஆஃப்-பீக்கா?

இங்கிலாந்தின் பாத் நகரில் நண்பர் வீட்டில் வார இறுதியைக் கழித்துவிட்டு லண்டன் பாடிங்டனுக்கு ரயிலில் திரும்புவோர், குறித்த ஒரு ரயிலுக்கு மட்டுமே செல்லுபடியாகும் அட்வான்ஸ் சீட்டை வாங்குவதா, நெரிசல் நேரம் தவிர்த்த ரயில்களில் எதிலும் ஏறவிடும் ஆஃப்-பீக் சீட்டை வாங்குவதா என்று தயங்குவதுண்டு.

செலவு: முன்கூட்டியே வாங்கினால் அட்வான்ஸ் பெரும்பாலும் மலிவு. ஆஃப்-பீக் விலை புறப்படும் நாளிலும் ஏறாது. ரயில்கார்டு என்னும் சலுகை அட்டை இருந்தால் பொதுவாக இரண்டு சீட்டுகளின் விலையிலும் மூன்றில் ஒரு பங்கு குறையும்.

நேரம்: சிக்கல் இங்கேதான். கோட்டு மாட்டிய பிறகும் இன்னொரு கோப்பைத் தேநீர் வரும். அலுமினியத் தாளில் சுற்றிய கேக் துண்டு கைக்கு வரும். வீட்டு நாயிடமும் சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கும். அதற்குள் ரயில் போய்விட்டால் அட்வான்ஸ்காரர் புதிய சீட்டு வாங்க வேண்டியதுதான். ஆஃப்-பீக்காரர் அடுத்த ரயிலுக்குக் காத்திருந்தால் போதும்.

இருக்கை: அட்வான்ஸில் பெரும்பாலும் இருக்கை எண் குறித்தே தருவார்கள். ஆஃப்-பீக்கில் தனியே முன்பதிவு செய்யாவிட்டால் ஞாயிறு மாலையில் நின்றபடி வர நேரலாம்.

நண்பரே நிலையம் வரை காரில் கொண்டுவிடுவதாகச் சொல்லி, அவர் நேரம் தவறாதவராகவும் இருந்தால் அட்வான்ஸ் போதும். பேச்சை முறிக்க மனம் வராதவர்களுக்கும் குழந்தைகளுடன் கிளம்புவோருக்கும், விலை கூடினாலும் ஆஃப்-பீக்கையே பரிந்துரைப்பேன்.