ஜப்பான் பேரரசர்: 1889 சட்டமும் 1947 சட்டமும்

ஹிரோஹிட்டோ இரண்டு அரசியல் சட்டங்களின் கீழும் பேரரசராக இருந்தவர். 1889-இல், மெய்ஜி பேரரசர் காலத்தில் வந்த மெய்ஜி சட்டப்படி பேரரசர் புனிதமானவர், யாராலும் மீற முடியாதவர். நாட்டின் இறைமை அவரிடம்; தரைப்படையும் கடற்படையும் அவர் தலைமையில். ஆனால் நடைமுறையில் பல முடிவுகளை எடுத்தவர்கள் மூத்த அரசியல்வாதிகளும் தளபதிகளும்தான். ராணுவம் அமைச்சரவைக்குக் கட்டுப்படாமல் "பேரரசர் பெயரால்" நடந்துகொள்ள இந்த ஏற்பாடே வழிவிட்டது. என் பார்வையில் அதன் மிகப் பெரிய ஆபத்து இதுதான்.

1947 மே 3 முதல் நடைமுறையில் உள்ள சட்டத்தில் இறைமை மக்களுடையது. பேரரசர் நாட்டின் அடையாளம், அவ்வளவுதான். ஆட்சி அதிகாரம் எதுவும் இல்லை. அரசு சார்ந்த செயல்களுக்கு அமைச்சரவை ஒப்புதல் வேண்டும். சரி, வெறும் அலங்காரப் பதவியா? அப்படிச் சொல்ல மாட்டேன். 1991-இல் உன்சென் எரிமலை வெடித்தபோது, ஹிரோஹிட்டோவின் மகனும் அடுத்த பேரரசருமான அகிஹிட்டோ நிவாரண முகாமில் மண்டியிட்டு மக்களோடு பேசினார். பழைய சட்டத்தின் பேரரசரை அப்படி நினைத்துப் பார்க்கவே முடியாது.

ஒரு குறை உண்டு: முதுமையில் பதவி விலகக்கூட அகிஹிட்டோவுக்குத் தனிச் சட்டம் தேவைப்பட்டது. 2017-இல் அது நிறைவேறி, 2019 ஏப்ரல் 30-இல் விலகினார்.