சாணியில டைட்டேனியம் பாக்கக் குடுத்த லாப், ஐஞ்சுக்கு மூண்டர

மாட்டுத் தீவன ரிசேர்ச் செய்யுற ஆக்கள் கட்டாயம் வாசிங்க, மத்தவங்களுக்கு இது வெறும் சாணிக் கதைதான், கோவிக்க வேணாம்.

மட்டக்களப்பு வந்தாறுமூலையில இருந்து கொழும்புப் பக்கம் ஒரு பிரைவேட் லாப்புக்குச் சாம்பிள் அனுப்பினம், பேர் வேணுமெண்டா இன்பொக்ஸ்ல கேளுங்க. செங்கலடிப் பக்கம் வெட்டின வயல்ல மேயுற பட்டி மாடு ஒரு நாளைக்கு எவ்வளவு தின்னுது எண்டு பாக்குறதுதான் நம்மட வேல. மேயுற மாட்டுக்குப் பின்னால தராசத் தூக்கிட்டுத் திரியேலாதுதானே, அதால தினமும் 10 கிராம் டைட்டேனியம் டைஒக்சைட் எண்ட வெள்ளைப் பவுடர் குடுக்குறம், அது குடல்ல உறிஞ்சாம அப்பிடியே சாணியோட வெளிய வரும். காய்ஞ்ச சாணி ஒரு கிலோவுல 5 கிராம் இருந்தா மாடு போட்டது 2 கிலோ, தீனியில 60 வீதம் செமிக்குதெண்டா தின்டது 5 கிலோ. கணக்கு அவ்வளவுதான், ஆனா எல்லாம் லாப் தாற ஒரு நம்பர்லதான் தொங்குது.

அதனால இந்தப் பவுடர் குடுக்காத மாட்டுச் சாணியில நாங்களே அத அளந்து கலந்து, மத்தப் பேக்குகளோட பேக்கா ஒண்ட நுழைச்சு விட்டம். ரிசல்ட் வந்தா, கலந்ததுல பாதிகூட இல்ல! அந்த நம்பர நம்பினா நம்மட சின்ன நாட்டு மாடு 10 கிலோவுக்கு மேல காய்ஞ்ச தீனி தின்னுது, அது மாடில்ல யானை.

கோல் எடுத்தா "மெசின் கலிப்ரேட் பண்ணித்தான் இரிக்கி சேர்" எண்டு ஒரே பதில். மெசின்ல பிழையே இல்ல, கரைச்சதுலதான் பிழை. மண், தண்ணிக்குச் செய்யுற மாதிரி நைட்ரிக் அசிட்ல கரைச்சிருக்காங்க, டைட்டேனியம் டைஒக்சைட் அதுல கரையாம வெள்ளையா அடியில கிடக்கும். புரதம் பாக்க கெல்டால் செய்யுற மாதிரி சல்பூரிக் அசிட்ல காய்ச்சணும், பிறகு ஹைட்ரஜன் பெரொக்சைட் விட்டா ஒரு மஞ்சள் நிறம் வரும், அத 410 நானோமீட்டர்ல வாசிச்சாப் போதும். கெமிஸ்ட் மிஸ் லைனுக்கு வந்ததும் டக்கெண்டு பிடிச்சிட்டா, காசு கேக்காம எல்லாத்தயும் திருப்பிச் செஞ்சு தந்தாங்க, நாங்க கலந்த சாம்பிளும் சரியா வந்துட்டு. அதுக்குத்தான் இந்த மூண்டரயும்.

ரிப்போர்ட் இன்னும் மோசம்தான். டைட்டேனியமா டைஒக்சைட்டா எண்டு எழுதவே இல்ல, ஒக்சைட்ல டைட்டேனியம் 60 வீதம்தான், கேக்காம விட்டா கணக்கு கவுண்டிரும். ஈரச் சாணியா காய்ஞ்சதா எண்டும் இல்ல.

பவுடர் குடுக்க முதல் எடுத்த சாணியும் கட்டாயம் அனுப்புங்க, மேயுற மாடு புல்லோட மண்ணும் தின்னும், மண்ணுக்குள்ளயும் டைட்டேனியம் இரிக்கி (புல்மோட்டை மணல்ல இரிக்கிற இல்மனைட்டும் டைட்டேனியம்தானே), அதக் கழிக்கணும். அதுக்கும் முழுக்காசுதான் எடுப்பாங்க.

செம்பு, துத்தநாகம் மட்டும் பாக்குறவங்க யோசிக்காம குடுக்கலாம், அதுக்கு நைட்ரிக் காணும். ஆனா காய வெச்சு அரைச்சு அனுப்புங்க, பச்சையா அனுப்பினா அடுத்த முறை கூரியர்காரன் நம்மட போனையே எடுக்கமாட்டான்.