பெரிய ஸ்டெப்னி: படுக்க வைப்பதா, நிறுத்தி வைப்பதா?

என் பிக்கப் வண்டியில் 255/60 ஆர்18 அளவு டயர்களைக் கழற்றிவிட்டு 285/70 ஆர்17 மாட்டியதும், முதலில் வீடிழந்தது ஸ்டெப்னிதான். விட்டம் 76 செ.மீ.யிலிருந்து 83 ஆகிவிட்டது. வண்டிக்கு அடியில் இருந்த பழைய இடத்தில் நுழைய மறுத்தது. மிச்சம் இருப்பது பின்தொட்டி.

படுக்க வைத்தால் பாரம் தாழ்வாக இருக்கும். கண்மாய்க் கரையில் வண்டி சாய்ந்தாலும் கலக்கமில்லை. ரிம்மின் உள்பக்கம் மேலே இருக்கும்படி வைத்தால் அந்தக் குழியில் தண்ணீர்க் குடம் ஆடாமல் உட்காரும். ஆனால் ஒன்றரை மீட்டர் தொட்டியில் பாதிக்கு மேல் போய்விடும். கூடாரம், அடுப்பு, அரிசிப் பை எல்லாம் அதன் தலைமேல். திருமயம் தாண்டி ஒரு நாள் இரவு சீமைக்கருவேல முள் குத்தியது. அத்தனையையும் செம்மண்ணில் இறக்கிப் பரப்பினேன். "பாத்திரக் கடை எப்போது திறப்பு, அத்தான்?" என்றான் மைத்துனன். டார்ச்சைப் பிடிக்கச் சொன்னால் பேச்சு மட்டும்தான்.

கேபினை ஒட்டி நிறுத்தினால் நீளத்தில் ஏறத்தாழ 29 செ.மீ.தான் பிடிக்கும். சாமான் எதையும் தொடாமல் டயரை இறக்கலாம். குறை, தொட்டியின் விளிம்புக்கு மேலே துருத்திக்கொண்டு பின்கண்ணாடியை மறைப்பது. தொட்டி மூடியும் மூடாது. நடுவில் வைக்காமல் இடப்பக்கம் ஒதுக்கினால் பார்வை ஓரளவு தப்பும். முப்பது கிலோவுக்கு மேற்பட்ட எடை, கயிறு போதாது. ராட்செட் பட்டை (பல்சக்கரப் பிடியால் இறுக்கும் நாடா) இரண்டை ரிம்முக்குள் நுழைத்துக் கொக்கிகளில் இறுக்க வேண்டும்.

நான் டயரை நிறுத்தியே வைத்துவிட்டேன். குடத்துக்குத்தான் இன்னும் இடம் அமையவில்லை.